சுழலும்போது சிடி மாற்றியவர்

ராயபுரத்தில் டிவி, டெக் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார் அவர். ஒல்லி உடம்பு, காதில் செருகிய ஸ்குரூடிரைவர். சிக்கலான வேலை என்றால் கண்ணை மூடிக்கொள்வார்.

கப்பலில் வேலை பார்க்கும் என் மச்சான், அமெரிக்காவில் வாங்கிய வீடியோ கேம் பெட்டியையும் ஜப்பானில் வாங்கிய விளையாட்டு சிடியையும் என் வீட்டில் வைத்து, "நான் வர்ற வரைக்கும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நாற்பத்தைந்து வயதுக்காரனிடம் அப்படிச் சொன்னால் தொடாமல் இருப்பானா? ஆனால் அமெரிக்கப் பெட்டி ஜப்பான் சிடியை ஏற்கவில்லை. ராயபுரம் கடைக்காரரிடம் தூக்கிக்கொண்டு போனேன்.

"ஹார்பர் கேட்ல ஒருத்தன் பாஸ காமிச்சி இன்னொருத்தன் உள்ள பூந்துக்கிறான்ல சார், அதே கதைதான்" என்றார். மூடி திறந்திருப்பது பெட்டிக்குத் தெரியாமல் இருக்க, அதன் பொத்தானைப் பேனா ஸ்பிரிங்கால் அழுத்தி வைத்தார். பெட்டியோடு வந்த அமெரிக்க சிடி சுழன்றது. தன் நாட்டு சிடிதான் என்று பெட்டி ஒப்புக்கொண்டதும் வேகம் குறையும் ஒரு நொடியில் அதை எடுத்துவிட்டு ஜப்பான் சிடியைப் போட வேண்டும்.

"தவறிப்போனா?"

"பொட்டி காலி. மூச்சு வுடாத நில்லு நைனா."

கண்ணை மூடினார். சுழலும் சத்தம் இறங்கியது. விரல்கள் போய் வந்தன. கீச்சென்று ஒரு சத்தம். பிறகு திரையில் ஜப்பான் எழுத்துகள் வந்தன.

"கண்ண ஏன் மூடிக்கிறீங்க?"

"பாத்தா பயம் வந்துடும் சார். காதுல கேட்டா போதும். ஒவ்வொரு தபாவும் இப்டித்தான் மாத்தணும், கத்துக்கினு போ."

வீட்டில் நானும் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினேன். மூடிய கண்ணுக்குள்ளே மச்சான் நின்றுகொண்டிருந்தார். கையை இழுத்துக்கொண்டேன்.

அந்தக் கடைக்காரர் கண்ணை மூடினால் உள்ளே யாருமே நிற்க மாட்டார்களா என்று இன்றும் யோசிக்கிறேன்.