நான்காம் அறையில் எத்தனை பேர்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பேய்கள் மேல் நம்பிக்கை கிடையாது. மனிதர்கள் மேலும் கிடையாது. குளியலறையில் சோப்பு கொஞ்சம் கரைந்திருந்தால்கூட யார் தேய்த்தது என்று யோசிக்கிற ஆள் நான். "உங்க நிழல் பின்னாடி வந்தாகூட உங்களுக்குச் சந்தேகம்" என்பாள் என் மனைவி. அப்படிப்பட்டவன் சொல்கிறேன், இது எனக்கு நடந்தது. ஒரு வரிகூடக் கூட்டிச் சொல்லவில்லை. கதை கட்டத் தெரிந்திருந்தால் இந்த வேலைக்கே வந்திருக்க மாட்டேன்.

என் வேலை இதுதான். ஒரு நிறுவனத்தில் நடக்கும் காரியங்களைக் கணினியில் படிப்படியாக அடுக்கிக் கொடுப்பேன். படிகளில் இரண்டு வகை உண்டு. சிலவற்றைக் கணினி தானே செய்துவிடும். கதவைப் பூட்டு, விசிறியை ஓட்டு, மேலாளருக்கு மெயில் அனுப்பு என்பதெல்லாம் அந்த வகை. அதற்கு ஆக்‌ஷன் என்று பெயர். மற்றதை ஒரு மனிதர் செய்து முடித்துவிட்டு வந்து பட்டனை அழுத்த வேண்டும். அது மேனுவல் டாஸ்க். அவர் அழுத்தும்வரை அடுத்த படி நகராது. தலைகீழாக நின்றாலும் நகராது.

அன்று நான் போனது ஒரு குளிர்பதனக் கிடங்கு. மீனும் இறைச்சியும் உறைய வைக்கும் இடம். மொத்தம் நான்கு அறைகள். ஒவ்வொன்றையும் பூட்டுவதற்கு முன் ஒருவர் உள்ளே போய், யாரும் இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு வரவேண்டும். பிறகு திரையில் 'காலி' அல்லது 'ஆள் உண்டு' என்று அழுத்த வேண்டும். 'ஆள் உண்டு' என்றால் எத்தனை பேர் என்று கேட்கும், எண் போடாமல் விடாது. 'காலி' என்று வந்தால்தான் கதவு பூட்டும், விசிறிகள் ஓடும். பிறகு குளிர் மைனஸ் முப்பதுக்கு இறங்கும். உள்ளே ஒருவர் மாட்டிக்கொண்டால் விடியும்வரை உயிர் தங்காது.

அந்தப் பார்த்துவிட்டு வரும் படியைத்தான் எடுத்துவிடச் சொன்னார் மேலாளர்.

"ஒருத்தன் நடந்து போய் எட்டிப் பார்த்துட்டு வர்றதுக்குள்ள எனக்கு விடிஞ்சிடுது சார். சென்சார் மாட்டியாச்சு. உள்ள யாராவது அசைஞ்சா அதுவே சொல்லிடும்."

"இதுவரைக்கும் யார் பார்த்துட்டு இருந்தாங்க?"

"டார்ச்னு ஒருத்தர். எப்பவும் கையில டார்ச் லைட்டோட திரிவார், அதான் அந்தப் பேர். இப்ப அவர் இல்லை. அவர் போனதுலேருந்து நாலாம் அறையைத் திறக்கவே இல்லை. அதுலயே டெஸ்ட் பண்ணிப் பாருங்க."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அப்போதே உறுத்தியது. நல்ல அறை ஒன்றை யாராவது சும்மா பூட்டி வைப்பார்களா?

சோதனைக்கு ஒரு பயனர் கணக்கு வேண்டும். புதிதாக உருவாக்கினால் உரிமக் கட்டணம், அதற்கு மேலிடத்தில் பத்துக் கேள்வி. அதனால் எங்கள் தொழிலில் எல்லோரும் போகிற குறுக்குவழியில் நானும் போனேன். வேலையை விட்டுப் போனவர்களின் கணக்கு ஒன்றை எழுப்பினேன். அது டார்ச்சின் கணக்கு. கடவுச்சொல்லை மாற்றினேன். புதுச் சொல் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மாலை ஆறு மணிக்கு எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். வாசல் கேட்டில் வாட்ச்மேன் மட்டும் இருந்தார். நான் நான்காம் அறைக்கு வெளியே ஒரு மேசையைப் போட்டு மடிக்கணினியோடு உட்கார்ந்தேன். புது முறைக்கு மாற்றுவதற்கு முன் பழைய முறை சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பது என் வழக்கம். 7:10க்கு ஓட்டினேன். டாஸ்க் டார்ச் பெயருக்குப் போனது. அந்தக் கணக்கில் நுழைந்து நானே 'காலி' என்று அழுத்தலாம் என்று கடவுச்சொல்லை அடித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் திரை மாறியது.

டாஸ்க் முடிந்தது. ஆள் உண்டு. எத்தனை பேர்: 1.

நான் இன்னும் அந்தக் கணக்குக்குள் நுழையவே இல்லை.

பழைய அமைப்பில் ஏதோ மிச்சம் இருக்கிறது என்று நினைத்தேன். யாரும் அழுத்தாவிட்டால் தானாக ஒரு பதிலைப் போட்டுக்கொள்ளும்படி முன்பு எவனாவது வைத்திருப்பான். முழுக்கத் தேடினேன். அப்படி எதுவும் இல்லை. எழுந்து போய் அறையைத் திறந்து பார்த்தேன். வெறும் இரும்பு அடுக்குகள், லேசான குளிர், மீன் வாடை. ஒரு ஈ காக்கை இல்லை.

7:32க்கு மறுபடி ஓட்டினேன். இந்த முறை கீபோர்டைத் தொடவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து விநாடி. பத்து விநாடி. ஒன்றும் இல்லை. நாற்பது விநாடி கழித்து வந்தது.

ஆள் உண்டு. எத்தனை பேர்: 1.

இங்கேதான் எனக்கு முதுகு சில்லிட்டது. கணினியின் கோளாறு என்றால் பதில் உடனே வரும், அல்லது வரவே வராது. நாற்பது விநாடி என்ன கணக்கு? என் மேசையிலிருந்து எழுந்து நடந்தேன். கதவைத் திறந்தேன். அடுக்குகளுக்கு இடையே கடைசிவரை பார்த்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன்.

நாற்பது விநாடி.

நேராக வாட்ச்மேனிடம் போனேன். சந்தேகப்பட அந்த வளாகத்தில் வேறு மனிதர் இல்லை.

"அண்ணே, இங்க வேற கம்ப்யூட்டர் எதுலயாவது கை வச்சீங்களா?"

"எனக்கு போன்ல நம்பர் தேடவே கண்ணாடி வேணும் சார்."

"டார்ச் இங்க வர்றது உண்டா?"

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "ஏன் கேக்கறீங்க?"

"சும்மா."

"நாலாம் அறைப் பக்கம் வேலையைச் சீக்கிரம் முடிச்சிருங்க சார்."

சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போய்விட்டார். இவரும் டார்ச்சும் சேர்ந்துகொண்டு எனக்குத் தண்ணி காட்டுகிறார்கள் என்று முடிவு செய்தேன். மனித வேலை போய்விடக் கூடாது என்பதற்காக யாரோ வெளியிலிருந்து விளையாடுகிறார்கள். இருக்கட்டும். அந்த டாஸ்க்கையே தூக்கிவிட்டால் எதை வைத்து விளையாடுவார்கள்?

தூக்கினேன். அது இருந்த இடத்தில் ஒரு ஆக்‌ஷனை வைத்தேன். 'சென்சார் அசைவைக் கண்டால் நிறுத்து, இல்லாவிட்டால் பூட்டு.' சேமித்தேன். வெளியிட்டேன். வெளியாகிவிட்டதா என்று மூன்று தடவை பார்த்தேன். இனி நடுவில் மனிதர் யாரும் கிடையாது. 8:40க்குத் தானாக ஓடும்படி நேரம் வைத்துவிட்டு, சென்சாருக்கு முன்னால் கையை ஆட்டிச் சோதிக்க அறைக்குள் போனேன். உள்ளிருந்து திறக்கும் பிடியை இன்னும் மாட்டவில்லை, திங்கட்கிழமை வந்து மாட்டுகிறேன் என்று எலக்ட்ரீஷியன் சொல்லியிருந்தார். அது எனக்குத் தெரியும். ஆனால் நான்தான் கையை ஆட்டப் போகிறேனே, கதவு எப்படிப் பூட்டும்?

அறையின் நடுவில் நின்றேன். 8:39.

கடைசி அடுக்குக்குப் பின்னால் சத்தம் கேட்டது.

டக்.

டார்ச் லைட்டின் பித்தானை அழுத்துகிற சத்தம்.

வெளிச்சம் வரவில்லை.

டக்... டக்...

நான் அசையவில்லை. அசைய முடியவில்லை. மூச்சுகூட நின்றுவிட்டது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. அசையாத ஆள் அந்தச் சென்சாருக்கு ஆளே இல்லை என்பது, என் முதுகுக்குப் பின்னால் கதவு பூட்டிக்கொண்ட பிறகுதான் உறைத்தது.

ஓடினேன். கதவை அடித்தேன். கையை வீசினேன், குதித்தேன். பயனில்லை. அந்தப் படி முடிந்துவிட்டது. அடுத்த படி ஆரம்பித்தது.

மேலே விசிறிகள் சுழன்றன.

போனில் சிக்னல் இல்லை. சுற்றிலும் இரும்புச் சுவர். மேசையும் கணினியும் வெளியே. வாட்ச்மேன் கேட்டில். நான் தாமதமாக வருவது மனைவிக்குப் பழக்கம், தேட மாட்டாள். விடிந்தால்தான் ஆள் வரும்.

செத்தோம் என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன்.

வாயிலிருந்து புகை வந்தது. குளிரில் வருமே, அது.

சத்தம் ஏதாவது கேட்கிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

புகை நிற்கவில்லை.

என் காதுக்குப் பக்கத்திலிருந்து... மெதுவாக... வந்துகொண்டே இருந்தது.

திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போது விசிறிகள் நின்றன. கதவு தானாகத் திறந்தது.

விழுந்தடித்து வெளியே வந்தேன். திரையில் நேரம் 8:44. அதற்குக் கீழே, நான் தூக்கி எறிந்த அந்த டாஸ்க் இருந்தது. இருக்கவே முடியாது. இருந்தது. முடித்தவர்: டார்ச்.

ஆள் உண்டு.

எத்தனை பேர்: 2.

அன்று இரவு வீட்டுக்கு எப்படி வண்டி ஓட்டினேன் என்று நினைவில்லை. மறுநாள் மேலாளருக்குப் போன் செய்து, அந்தப் படியை எடுக்க முடியாது, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. பழைய டாஸ்க்கையே திரும்ப வைத்து, டார்ச்சின் கணக்கை மூடி, பார்வையிட ஒரு புது ஆளை நியமித்தார்கள். நான்காம் அறையையும் திறந்தார்கள். ஒரு மனிதர் தினமும் நேரில் போய்ப் பார்க்கிறார், இனி யாரும் மாட்டமாட்டார்கள் என்று நானும் கொஞ்சம் நிம்மதியானேன்.

ஆனால் சந்தேகக்காரனுக்குத் தூக்கம் வருமா? டார்ச் என்ன ஆனார் என்று விசாரித்தேன். நீங்கள் நினைப்பதைத்தான் நானும் நினைத்திருந்தேன். அந்த அறைக்குள்ளேயே மாட்டிச் செத்திருப்பார் என்று.

இல்லை. ஆள் உயிரோடு இருக்கிறார். ஒரு கடையில் சாமான் கட்டுகிறார். வாட்ச்மேன் தயங்கித் தயங்கித்தான் அவருடைய எண்ணைக் கொடுத்தார். பத்து நாள் கழித்து ஒரு மாலையில் பேசினேன். நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"நீங்க எங்கேயோ இருந்துட்டு அழுத்தினீங்களா அண்ணே? உண்மையைச் சொல்லுங்க. கோவிச்சுக்க மாட்டேன்."

"நான் அந்த வேலையை விட்டதே அதனாலதான் தம்பி" என்றார். "நாலாம் அறையைப் பார்த்துட்டு வந்து தினமும் 'காலி'ன்னுதான் அழுத்துவேன். என் கண்ணு முன்னாடியே மாறிடும். ஆள் உண்டு, ஒண்ணு. மறுபடி ஓடிப் போய்ப் பார்ப்பேன், யாரும் இருக்க மாட்டாங்க. நான் இருந்த வரைக்கும் ஒருநாள்கூட அந்த அறை காலின்னு நின்னதில்லை. யார் அதுன்னு எனக்கும் தெரியாது."

"என்னைக் காப்பாத்தினது அதுதானே அண்ணே?"

அதை விட்டுவிட்டு அவர் வேறொன்று கேட்டார்.

"இப்ப அங்க என்ன வருது?"

எனக்குத் தெரியவில்லை. போனைக் காதில் வைத்தபடியே கணினியைத் திறந்தேன். எனக்கு இன்னும் உள்ளே பார்க்க அனுமதி இருந்தது. நான்காம் அறை. புது ஆள் வந்த முதல் நாள், காலி. அதற்கு அடுத்த நாள், காலி. நேற்று, காலி. எதுவும் மாறவில்லை.

"எல்லாம் காலின்னுதான் இருக்கு" என்றேன். "போயிடுச்சு போல."

உடனே அவர் கேட்டார்.

"கதவு திறந்ததும் நீங்க நேரா எங்க போனீங்க தம்பி?"

"வீட்டுக்கு."

"இப்ப எங்கேருந்து பேசறீங்க?"

"வீட்டுலேருந்துதான்."

"வீட்டுல எத்தனை பேர்?"

"நானும் என் மனைவியும். அவ ஊருக்குப் போயிருக்கா. நான் மட்டும்தான்."

அவர் போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை.