நான்காக மடித்த உறை

என் மேசையில் ஒரு பழுப்பு உறை இருக்கிறது. கடையில் கட்டாக விற்கும் சாதாரண உறைதான். வாயை ஒட்டி, அதன்மேல் செலோடேப் போட்டு, டேப்பின் குறுக்கே ஒரு கையெழுத்தும் போட்டிருக்கிறது. கத்தியால் கீறிப் பிரித்தவன் நான். நான்காக மடித்த தடமும் அதில் இருக்கிறது, மடித்தவனும் நான்தான். எதற்காக மடித்தேன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கையெழுத்து என் தங்கையின் கணவருடையது. அவருக்கு நான் மச்சான், எனக்கு அவர் மாப்பிள்ளை. இருவரும் ஒரே பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தோம். பிறகு வெளிநாட்டுத் துகள் முடுக்கி ஆய்வகம் ஒன்றில் ஒரே குழுவில் சேர்ந்தோம். வருடத்துக்கு இரண்டு முறை அங்கே போவோம். மற்ற நாளெல்லாம் திரையில் கூட்டம்தான். திட்டத்தின் பெரும்பகுதியைப் போட்டது கோல சிலாங்கூரில் அவர் வீட்டு அறையில். அந்தத் தாமான் குடியிருப்பு ஒரு காலத்தில் தோட்டம். ஜன்னலைத் திறந்தால் இப்போதும் எதிரே எண்ணெய்ச் செம்பனைத் தோப்புதான். நடுப்பகலிலும் அதன் அடியில் அந்திபோல இருட்டிக் கிடக்கும். தோட்டத் தொழிலாளியான அவர் அப்பா இருந்த லய வீடு அந்தப் பக்கம்தான் இருந்ததாம். வேலை செய்யும்போது அந்த ஜன்னலைப் பார்த்தபடிதான் உட்காருவார்.

சோதனை இதுதான். உறைந்த அம்மோனியாவை ஜவ்வரிசி அளவு மணிகளாக்கிக் கதிர்வீச்சில் வைத்தால் ஊதா நிறமாகும். அதைக் கொடுங்குளிரில் பெரிய காந்தத்தின் நடுவே வைத்து, உள்ளே இருக்கும் அணுக்கருக்களை ஒரே பக்கம் பார்த்து நிற்கச் செய்யலாம். அதன்மேல் எலக்ட்ரான்களை ஏவி, சிதறி வருபவற்றை எண்ண வேண்டும். பிறகு அணுக்கருக்களை எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டு மறுபடி எண்ண வேண்டும். இரண்டு எண்ணிக்கைக்கும் நடுவே ஒரு வித்தியாசம் இருக்கிறதா என்பதே கேள்வி. அதற்காகத்தான் இருவரும் ஆறு வருடம் உழைத்தோம். முடுக்கியில் யாருக்கு எத்தனை நாள் என்று முடிவு செய்யும் ஆய்வகக் குழு நேரம் ஒதுக்காவிட்டால் ஆறு வருடமும் வீண்.

எங்களுக்குள் சண்டை ஒரே விஷயத்தில்தான். அணுக்கருக்களைத் திருப்புவதற்கு ஒவ்வொரு முறையும் சில மணி நேரம் போகும். அந்த நேரம் கிடைத்தற்கரியது. மூன்று நாளைக்கு ஒரு முறை திருப்பினால் போதும் என்றேன் நான். தினம் இரண்டு முறை என்றார் அவர்.

"கருவி களைச்சுப் போறதும் நிஜமும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், மச்சான். திருப்பிப் போட்டுப் பாரு. கூடவே திரும்புச்சுன்னா நிஜம். திரும்பலன்னா அது நம்ம கோளாறு."

இதை ஆயிரம் முறை கேட்டிருப்பேன். கடையில் ரொட்டி சானாய் வந்தாலும் திருப்பிப் பார்த்துத்தான் பிய்ப்பார். தங்கை சுட்ட தோசைக்கும் அதே மரியாதைதான்; அதற்காக அவளிடம் வாங்கியும் கட்டிக்கொள்வார்.

நேரம் ஒதுக்கும் முன் ஆய்வகக் குழு ஒரு ஒத்திகை கேட்டது. ஒருவர் பொய்யான தரவை உருவாக்கி, அதற்குள் ஓர் எண்ணை ஒளித்துவைக்க வேண்டும். மற்றவர்கள் அந்த எண் தெரியாமலே அலசிக் கண்டுபிடிக்க வேண்டும். சரியாக வந்தால் திட்டத்தை நம்பலாம். ஒளித்துவைக்கும் வேலை மாப்பிள்ளைக்கு வந்தது. என் திட்டப்படியே, மூன்று நாளைக்கு ஒரு முறை திருப்பியதாக வைத்துத் தரவை உருவாக்கினார். எண்ணை எழுதி, உறையில் போட்டு ஒட்டி, மேசை இழுப்பறையில் வைப்பதைத் திரையில் காட்டினார். சிரித்துக்கொண்டே காட்டினார். பத்து நாளில், காலையில் குளிக்கப் போனவர் குளியலறையிலேயே விழுந்து இறந்துபோனார்.

நானும் குழுவில் மற்றவர்களும் அழுதுகொண்டே அலசினோம் என்றுதான் சொல்ல வேண்டும். ஒத்துவராத சில பகுதிகளுக்கு ஏதாவது காரணம் கண்டுபிடித்து விலக்கினோம். கடைசியில் வித்தியாசம் அழகாக வந்து நின்றது, கோட்பாட்டுக்காரர்கள் சொன்ன இடத்திலேயே. மாப்பிள்ளை இருந்து பார்க்கவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். இனி உறையைப் பிரித்து ஒப்பிட வேண்டியதுதான் பாக்கி.

ஆனால் எங்கள் வீடுகளில் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை இறந்தவரின் பொருளை வெளியே எடுக்கமாட்டார்கள். ஆய்வகக் குழு கூடும் நாளோ பதினான்காம் நாளில் வந்தது. பன்னிரண்டாம் நாள் மதியம் ரவாங்கில் என் வீட்டிலிருந்து காரை எடுத்துக்கொண்டு போனேன். ஊரெங்கும் காட்டுத்தீயின் புகைமூட்டம். செம்பனை மரங்கள் பாதிக்கு மேல் தெரியவில்லை. தங்கை வாசலுக்கு வந்து, நான் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னாள்.

"உள்ளயே பிரிச்சுப் பாருண்ணே. வெளிய கொண்டு போவாத. அவரு இன்னும் அந்த ரூம்லதான் இருக்காரு."

விளக்கம் கேட்டேன். அறையில் விளக்கு வைத்திருந்தாள். அவருடைய சுழல் நாற்காலி ஆளில்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பது மனதைப் பிசைந்ததால், தினம் காலையில் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கிறாளாம். சாயங்காலம் போய்ப் பார்த்தால் அது ஜன்னலைப் பார்த்து நிற்கிறதாம். பதினோரு நாளும் அப்படித்தானாம். சாதம் ஆகிவிட்டது என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

அறைக்குள் போனேன். நாற்காலி சுவரைப் பார்த்துத்தான் இருந்தது. மூடிய அறையில் எண்ணெய் வாசனையும், மூட்டத்தின் கருகல் வாசனையும். இழுப்பறையைத் திறந்து, உறையைக் கீறினேன். உள்ளே ஒரே ஒரு தாள்.

"பூஜ்ஜியம். ஒண்ணுமே ஒளிச்சு வைக்கல. கருவி மெல்ல மெல்லக் களைச்சுப் போற மாதிரி மட்டும் செஞ்சிருக்கேன். நீ கண்டுபிடிச்சது என்னான்னு திருப்பிப் போட்டுப் பாரு, மச்சான்."

எங்கள் அழகான வித்தியாசம், இல்லாத ஒன்று; மூன்று நாள் இடைவெளியில் கருவி களைத்ததைத்தான் எண்ணியிருக்கிறோம். வேண்டும் என்று நினைத்ததை நாங்களே பார்த்திருக்கிறோம். செத்த மனிதர் என்னைப் பெயர் சொல்லாமல் பிடித்துவிட்டார். கோபமும் வந்தது, வெட்கமும் வந்தது. அப்போதுதான் எனக்குப் பின்னால் 'கிர்' என்று ஒரு சத்தம். திரும்பினேன். நாற்காலி இரண்டு விரல் அளவு ஜன்னல் பக்கம் நகர்ந்து நின்றது. நான் பார்க்கப் பார்க்கவே இன்னும் கொஞ்சம் திரும்பியது.

பிறகு படித்த புத்தி வேலை செய்தது. அந்தத் தாமானை அமைத்ததே சேற்று நிலத்தை மண்கொட்டி மேடாக்கித்தான். வீடுகளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் இறங்குகின்றன. தரை ஜன்னல் பக்கம் சாய்ந்திருக்கும். இருக்கை சரிந்து திரும்பும். அவ்வளவுதான். சோதித்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். ஜன்னல் பக்கத்துச் சக்கரங்களின் அடியில் எதையாவது வைத்து உயர்த்தி, சாய்வை எதிர்ப்பக்கம் மாற்றினால் நாற்காலி சுவர்ப்பக்கம் திரும்ப வேண்டும். அப்போதும் ஜன்னலையே பார்த்தால்?

கையில் இருந்தது அந்த உறைதான். அதை இரண்டாக மடித்தேன். நான்காக மடித்தேன். குனிந்து, சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். தங்கை அறை வாசற்படியில் நின்றிருந்தாள். நான் என்ன செய்யப்போகிறேன் என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அவரோடு இருபது வருடம் வாழ்ந்தவளாயிற்றே.

"வேண்டாண்ணே," என்றாள். "இதையாச்சும் திருப்பிப் போட்டுப் பார்க்காத."

எழுந்துகொண்டேன். இரண்டு பேரும் நாற்காலி மீதித் தூரமும் திரும்பி முடிக்கும்வரை நின்று பார்த்தோம்.

பதினான்காம் நாள் ஆய்வகக் குழுவிடம் உண்மையைச் சொன்னேன். ஒத்திகையில் தோற்றோம், தோற்றதற்குக் காரணம் என் பிடிவாதம், திட்டத்தை அவர் சொன்னபடி மாற்றுகிறோம் என்றேன். கிடைக்கும் தரவு குறையும், ஆனால் கிடைப்பதை நம்பலாம். நேரம் ஒதுக்கினார்கள். காரியம் முடிந்து உறையைத் தங்கையே என்னிடம் கொடுத்தாள்.

அடுத்த வருடம் சோதனை தொடங்குகிறது. தினம் இரண்டு முறை திருப்புவோம். யார் கேட்டாலும் அதில் ஒரு மணி நேரத்தையும் விட்டுக்கொடுக்கமாட்டேன். மாதம் ஒரு முறை தங்கை வீட்டுக்குப் போகிறேன். இப்போது அவள் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பதில்லை. அது ஜன்னலைப் பார்த்தபடி, செம்பனை இருட்டைப் பார்த்தபடி நிற்கிறது. போகும்போதெல்லாம் உறையைப் பையில் எடுத்துப் போகிறேன். மடித்த தடத்திலேயே அது தானாக மடிந்துகொள்கிறது. இன்றுவரை அதைச் சக்கரத்தடியில் வைக்கவில்லை. இதிலும் பூஜ்ஜியம், வெறும் தரைச் சாய்வுதான் என்று வந்துவிடுமோ என்ற பயம்தான், தங்கைக்கு இருப்பதைவிட எனக்கு அதிகம்.