பின்னிடம் யாருக்கும் சொந்தமில்லை

அந்தக் குடியிருப்பில் பெயருக்கு மூன்று வரிசை வீடுகள். அதில் முன்வரிசை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். மிச்சம் இருந்தது ஐஸக்காவின் வீடு ஒன்றே. மற்றதையெல்லாம் கடல் வாரிக்கொண்டு போய்விட்டது.

கடைசி வரிசைக்குப் பின்னால், தார்ச்சாலைக்கு இந்தப் பக்கம், ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. அதற்குப் பின்னிடம் என்று பேர். அதில் யாரும் வீடு கட்டக்கூடாது, ஆடு கட்டக்கூடாது, பழுதான படகைக்கூடக் கவிழ்த்து வைக்கக்கூடாது. ஏன் என்று எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். கடல் ஒரு வீட்டை எடுத்துக்கொண்டால் அந்த வீட்டு ஆட்கள் எங்கே போவார்கள்? அதற்குத்தான் அந்த இடம்.

இப்படிப் பின்னால் நகர்ந்து நகர்ந்து வந்த ஊர் அது. இன்றைக்குப் படகுகள் நங்கூரம் போடும் இடத்தைக் காட்டி, "அதோ, எங்க அடுப்படி" என்று சொல்லும் கிழவர்கள் இருந்தார்கள். ஒரு வீடு நகரும் நாளில் ஊரே வேலையை விட்டுவிட்டு வரும். முதலில் வாசல் கதவைக் கழற்றுவார்கள். நாலு பேர் அதைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் போக, கட்டிலும் பாத்திரமும் கோழிக்கூடும் பின்னால் வரும். கதவு எங்கே இறங்குகிறதோ அங்கே வீடு. கூப்பிட வேண்டியதில்லை, கூலி பேச வேண்டியதில்லை.

முன்பெல்லாம் பின்னால் எவ்வளவோ நிலம் இருந்தது. சாலை வந்தபிறகு நகர வழியில்லாமல் போய்விட்டது. பின்னிடத்தில் இன்னும் ஒரே ஒரு வீட்டுக்குத்தான் இடம். அடுத்த முறை ஐஸக்காவுடையது. அது ஊருக்கே தெரியும்.

படகுத்துறையில் ஐஸ் கொட்டகை அவள் ராஜ்யம். பாளம் பாளமாக வரும் ஐஸைக் கொக்கி போட்டு இழுத்து, அரைக்கும் எந்திரத்துக்குள் தள்ளி, நொறுங்கி விழுவதைப் பெட்டிகளில் அள்ளிப் போடுவாள். கை எப்போதும் சில்லென்று இருக்கும், வாய் எப்போதும் கொதிக்கும். வரிசையில் முந்தப் பார்க்கும் படகுக்காரனை, "ஏன்டா, உன் மீனுக்கு மட்டும்தான் வேர்க்குதா?" என்று ஒரு போடு போடுவாள். அவனும் சிரித்துக்கொண்டே பின்னால் போய் நிற்பான்.

அவள் அந்த ஊருக்கு மணப்பெண்ணாக வந்தபோது முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தவன் தம்பி. அப்பா அம்மா இல்லாத பிள்ளை. "பொண்ணு கொண்டுவந்த சீர் இதுதானா?" என்று ஊர் கேலி பேசியது. பேசினவர்கள் வாயை அடைக்கிற மாதிரி வளர்த்துக் காட்டினாள். புருஷன் நோயில் படுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, மகனுக்கு ஒரு கவளம் என்றால் தம்பிக்கு ஒரு கவளம். அந்தத் தம்பிதான் இன்றைக்குப் படகுக்காரர் சங்கத்தின் தலைவர். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத நடை. ஊரெல்லாம் தலைவரே என்று கூப்பிடுவதைக் கேட்டால் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அவன் பின்னிடத்தில் நாலு கம்பு நட்டான். ஒரே ஒரு அறை போட்டுக்கொள்கிறேன் என்றான். ஐஸக்கா கொட்டகையிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். நாலு கம்பையும் பிடுங்கிப் போட்டாள்.

"உனக்கு மகன் முக்கியமா, மண்ணு முக்கியமா?" என்றான் மகன்.

"அது நம்ம மண்ணில்லடா. நாளைக்கு வீடு போயி நிக்கிறவனோட மண்ணு."

மகன் பெண்டாட்டியின் ஊருக்குப் போய் அங்கேயே என்ஜின் பழுது பார்க்கும் கடை வைத்துவிட்டான். எப்போதாவது போனில், "நல்லா இருக்கியா?" என்பான். அவ்வளவுதான். அன்றைக்குத் தம்பி ஊர் நடுவே நின்று, "எங்க அக்காவை மாதிரி ஒருத்தி பொறந்து வரணும்" என்றான். மகன் போன வருத்தத்தை அந்த ஒரு சொல்லால்தான் ஆற்றிக்கொண்டாள், பாவம்.

இந்த வருஷம் கடல் புத்தி மாறியது. வடக்கே எங்கோ கல்லைக் கொட்டித் தடுப்பு போட்டார்களாம், அங்கே முட்டிய கோபத்தை இங்கே வந்து காட்டியது. துணி துவைக்கும் கல் போனது. கொல்லைப்படி போனது. அடுப்படிச் சுவரில் கை நுழைகிற விரிசல் விழுந்தது. ஐஸக்கா அசரவில்லை. "வரட்டுமே, நமக்கென்ன பின்னால இடமா இல்ல?" என்றாள்.

அப்போதுதான் ஒருநாள் தம்பி வெளியூர் ஆட்கள் இரண்டு பேரைக் கொட்டகைக்குக் கூட்டிவந்தான். ஒருவர் கையில் அளக்கிற நாடா. ஐஸ் வாங்க வந்த கூட்டமெல்லாம் நின்றுகொண்டிருந்தது.

"அக்கா, பின்னிடம் யாரோடதுன்னு இவங்க கேக்கறாங்க. நீ சொன்னாத்தான் சரியா இருக்கும்."

ஐஸக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "யாருக்கும் சொந்தமில்ல சார். இங்க ஒருத்தன் உரிமை கொண்டாட முடியாது. பெத்த மகனையே நான் விடலன்னா பாத்துக்குங்க."

"யாருமே கேட்டு வரமாட்டாங்களா?"

"வந்தா நான் சும்மா விடுவேனா?"

அந்த ஊரில் ஒரு நிலத்தைப் பற்றி அதைவிட உயர்வாகச் சொல்ல வார்த்தை கிடையாது. வெளி ஆட்கள் காதில் அது கேட்பாரில்லாத நிலம் என்றுதான் விழும் என அவளுக்கு எப்படித் தெரியும்? தம்பிக்குத் தெரியும். வந்தவர்களுக்கு அவள் ஐஸ் போட்டுத் தண்ணீர் கொடுத்தபோது அவன் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சில நாளில் பின்னிடத்தில் லாரி வந்து கருங்கல் கொட்டியது. ஐஸக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. கேட்காமலே தம்பி வேலையை ஆரம்பித்துவிட்டான் பார்! கொத்தனாருக்குத் தன் கையால் டீ வாங்கிக்கொண்டு போனாள்.

"அண்ணே, அடுப்படி ஜன்னலை மட்டும் கடல் பக்கம் வெச்சிராதீங்க. அது மூஞ்சியைப் பாத்தது போதும்."

கொத்தனார் டீயை வாங்காமல் விழித்தார். "அடுப்படியா? இது கடல் பாக்க வர்றவங்க தங்குற விடுதிம்மா. எல்லா ஜன்னலும் கடல் பக்கந்தான். மேல்மாடி மட்டும் தலைவருக்கு வீடு. உங்களுக்குத் தெரியாதா?"

அவள் டீயைக் கருங்கல்மேல் வைத்தாள். நேரே சங்கத்துக்குப் போனாள். அங்கே தம்பியோடு ஊர்த் தையல்காரரும் இன்னும் சில ஊர்க்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏன்டா, இது நெசமா?"

தம்பி எழுந்து நின்றான். "அக்கா, உள்ள வா, பேசலாம்."

"இங்கயே சொல்லு. நெசமா?"

"உன் வீட்டுக்கு நேர் பின்வீடு யாரோடது? என்னோடதுதானே? நீ போனா அடுத்து நான். எனக்கு எங்க இடம் இருக்கு சொல்லு. எனக்கும் புள்ளைகுட்டி இருக்கு." அவன் குரல் கொஞ்சம் ஏறியது. "நான் யாரோடதையும் திருடல. யாருக்கும் சொந்தமில்லன்னு நீதான் சொன்னே. இத்தனை பேர் முன்னால சொன்னே."

"நீ கேட்டேன்னு சொன்னேன்டா, பாவி!"

அவள் மற்றவர்களைப் பார்த்தாள். தையல்காரர் விரலில் இல்லாத ஊசியைத் தேடினார். விடுதிக்குத் திரைச்சீலை தைக்கும் வேலை அவருக்கு என்று முன்பே பேசியாகிவிட்டது. ஒருவர் மகனுக்குக் காவலாளி வேலை, இன்னொருவருக்கு மீன் கொடுக்கும் வேலை. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அவள் கையால் ஐஸ் வாங்கிக்கொண்டே, அவள் வாயைப் பார்த்துக்கொண்டே, வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். தம்பி குத்தியது முதுகில் என்றால், இவர்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள். சீ, என்ன ஜென்மங்கள்!

அவளுக்கு அந்த நாலு கம்பு ஞாபகம் வந்தது. மகன் முகத்தில் இனி எந்த முகத்தோடு விழிப்பது?

அமாவாசையை ஒட்டிக் கடல் பெருக்கெடுத்து வந்தது. காலையில் அடுப்படிச் சுவர் படுத்துவிட்டது. தண்ணீர் கட்டில் காலை நக்கியது. அப்போது, நம்ப மாட்டீர்கள், ஊரே வந்தது! பழக்கம் அப்படி. வீடு போகிறது என்றால் கால் தானாக வந்துவிடும். யாரோ உளி கொண்டுவந்து கீலைத் தட்டினார்கள். தம்பியும் தையல்காரரும் இன்னும் இரண்டு பேரும் கதவைக் கழற்றித் தோளில் ஏற்றினார்கள். பாத்திரம் ஒருவர் தலையில், கோழிக்கூடு ஒருவர் கையில். ஐஸக்கா விளக்கை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

கதவு சந்துக்குள் நுழைந்து, தம்பி வீட்டைத் தாண்டி, கடைசி வரிசை வரைக்கும் போனது. அங்கே நின்றுவிட்டது. எதிரே பின்னிடத்தில் இடுப்புயரம் சுவர் எழும்பியிருந்தது. பின்னால் வந்த கூட்டம் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டு நின்றது.

"எங்க இறக்கறது?" என்று தையல்காரர் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார்.

கோழிகள் மட்டும் கத்தின.

ஐஸக்கா கதவின் முன்பக்கம் வந்து நின்றாள். "தம்பி, அவர் கேக்கறாரில்ல? நீதானே தலைவர். சொல்லு."

கனத்தில் தோள் இறங்க, அவன் கதவை மெல்லக் கீழே வைக்கப் பார்த்தான்.

"வெக்காதே." அவள் கத்தவில்லை. "கதவு இறங்குற இடம்தான் வீடு. நடுச்சந்தில என் வீட்டை வெக்காதே. இடம் சொல்ற வரைக்கும் தோள்லயே இருக்கட்டும்."

துறைப் பக்கமிருந்து படகுகள் திரும்பும் சத்தம் கேட்டது. அவள் விளக்கைக் கோழிக்கூட்டின்மேல் வைத்துவிட்டு, ஐஸ் கொட்டகையைத் திறக்கப் போனாள். நாலு பேரும் கதவோடு நின்றார்கள்.