கிளேபாங் கரையில் கிடைத்த சங்கு

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. "பேயாவது பூதமாவது" என்று சிரிக்கிறவர்களோடு நான் வாதாடப் போவதில்லை. அப்படிச் சிரித்தவர்களில் முதல் ஆளே விஜயரட்ணம்தான். அவர் கைப்பட எழுதிய நோட்டுப் புத்தகத்தை நான் பார்த்திருக்கிறேன். இனி வருகிற நேரமெல்லாம் அதில் உள்ளபடிதான். ஒரு நிமிடம்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

விஜயரட்ணம் யாழ்ப்பாணத்துக்காரர். மலாக்காவில் ஓர் அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஊருக்கு வெளியே கிளேபாங்கில், கடலோரம் ஒரு மலாய்க்காரரின் வீட்டை வாடகைக்கு எடுத்து மனைவி கனகாம்பிகையோடு குடியிருந்தார். மரக்கால்கள் மேல் நிற்கும் பலகை வீடு அது. தரைப் பலகைகளுக்கு இடையே விரல் நுழையும் சந்து இருக்கும். வீட்டுக்கு அடியில் ஓர் ஆள் குனிந்து போகலாம்.

அவருக்கு இருந்தது ஒரே பைத்தியம். கிளிஞ்சல் பொறுக்குவது. ஏழு வருஷமாகப் பொறுக்கினார். சிகரெட் டின்னிலும் தீப்பெட்டியிலும் பஞ்சு வைத்து, ஒவ்வொன்றுக்கும் பெயரும் தேதியும் எழுதி அடுக்கியிருந்தார். உள்ளே சதை இருந்தால் அடுப்பில் அவித்து எடுப்பார். அதற்கும் மிஞ்சியதை முற்றத்து எறும்புப் புற்றருகே வைப்பார். எறும்பு தின்று துப்புரவாக்கிவிடும். வீட்டில் கறிச்சட்டி எது, சிப்பிச்சட்டி எது என்று தெரியவில்லை என்று கனகாம்பிகை முணுமுணுக்காத நாள் கிடையாது.

மனுஷனுக்கு மனத்தில் ஒரு முள். சிங்கப்பூரில் ஒரு வெள்ளைக்காரத் துரை, மலாயாக் கரைச் சிப்பிகளைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். விஜயரட்ணம் அவருக்கு மூன்று முறை பெட்டி அனுப்பினார். மூன்று முறையும் பதில் ஒன்றுதான்: சாதாரண வகை, நன்றி. மூன்றாவது கடிதத்தில் மட்டும் ஒரு வரி கூடுதலாக இருந்தது. இந்தக் கடலில் இதுவரை யாரும் காணாத ஏதாவது கிடைத்தால், கண்டெடுத்தவர் பெயரோடு புத்தகத்தில் போடுகிறேன். புத்தகம் இரண்டு மாதத்தில் அச்சுக்குப் போகிறது.

அந்த ஒரு வரி அவர் தூக்கத்தைக் கெடுத்தது.

1934 ஆகஸ்ட். சனிக்கிழமை. அரைநாள் வேலை முடிந்ததும் கரைக்குப் போனார். மாலை 5.20க்குக் கடல் முழுதாக வற்றியது. கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. அதற்குள் மூன்று மணி நேரம் முழங்கால் சேற்றில் நடந்தும் பழைய கதைதான். கெராங் சிப்பி, நத்தை, மறுபடியும் கெராங். எரிச்சலில் வாளியை ஓர் உதை விட்டார். பொறுக்கியதெல்லாம் சேற்றில் சிதறியது.

அப்போதுதான் அவளைப் பார்த்தார்.

நூறு கஜத்துக்கு அப்பால், நீரோரம். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். ரப்பர் தோட்டத்துப் பெண்போலத் தெரிந்தது. குனிந்து இரண்டு கையாலும் சேற்றைத் தோண்டினாள். பார்த்தாள். ஓரடி தள்ளி மறுபடி தோண்டினாள். தலை நிமிரவே இல்லை.

நமக்கு முன்னால் இவள் வந்து வாரிக்கொண்டு போகிறாளே என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது. வேகமாக நடந்தார். குழிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் முழங்கை ஆழம். கடைசிக் குழியின் ஓரத்தில், அள்ளிப் போட்ட சேற்றுக்குள் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. எடுத்துக் கழுவினார்.

சங்கு. கையடக்கமான, வெள்ளை வெளேரென்ற சங்கு.

சங்கு விளைவது எங்கள் யாழ்ப்பாணத்துப் பக்கத்திலும் தூத்துக்குடிப் பக்கத்திலும். மலாக்காக் கடலில் சங்கு உண்டென்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. நிமிர்ந்து பார்த்தார். பெண்ணைக் காணவில்லை. மறைய ஒரு கல்கூட இல்லாத வெறும் சேறு. நோட்டில் எழுதினார்: "5.40. சங்கு. போட்டிக்காரி போய்விட்டாள்."

திரும்பி வரும்போது சேற்றில் ஒரே ஒருவரின் காலடிகள்தான் இருந்தன. அவருடையவை. அதை அவர் அன்றைக்கு யோசிக்கவில்லை.

கனகாம்பிகை சங்கைக் கையில் வாங்கி விளக்கருகே திருப்பிப் பார்த்தாள். வாயோரத்தை விரலால் தடவினாள்.

"இது கடலில விளைஞ்சது இல்லையப்பா. பிள்ளையளுக்குப் பால் பருக்கிற சங்கு. உரைச்சு வழுவழுப்பாக்கி இருக்கு."

"அலை தேய்ச்சது. உமக்கு என்ன தெரியும்?"

அவளுக்குத் தெரியும். அவருக்கும்தான் தெரியும். அவரும் அப்படி ஒரு சங்கில் பால் குடித்து வளர்ந்த பிள்ளைதான். ஆனால் ஆசை கண்ணை மறைத்தது. "அலையால் தேய்ந்த வாய்" என்று நோட்டில் எழுதி, அடியில் கோடும் போட்டார். சங்கைக் கிண்ணத்துத் தண்ணீரில் ஊற வைத்தார். அரை மணி கழித்துப் பார்த்தால் தண்ணீர் வெள்ளையாக இருந்தது. புளித்த பால் வாடை. சுண்ணாம்பு கரைந்திருக்கும் என்று கொட்டிவிட்டார்.

ஞாயிறு காலை சங்கை எறும்புப் புற்றருகே வைத்தார். ஓர் எறும்பு கிட்டே வரவில்லை. மத்தியானம் போய்ப் பார்த்தால் புற்றே காலி. எறும்புக்குக்கூட என்மேல் கோபமா என்று திட்டிக்கொண்டே எடுத்து வந்தார்.

அன்று கடல் வற்றிய நேரம் மாலை 6.10. கடல் ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிடம் தள்ளி வற்றும். இருட்டிய பிறகு கரைக்குப் போனவர், நேற்றைய குழிகள் இருந்த இடத்தைத் தாண்டிப் புதிய குழிகளைப் பார்த்தார். அவை நீரோரமாகப் போகவில்லை. வீட்டுப் பக்கத்துத் தென்னைகளை நோக்கி வந்திருந்தன.

திங்கள். வற்றிய நேரம் 7.00. அதற்குப் பத்து நிமிடம் கழித்து வெளியே ஒரு சத்தம்... சரக்... சரக்... விளக்கை எடுத்துக்கொண்டு போனார். வேலிக்கு உள்ளே பதினொரு குழிகள். எல்லாம் முழங்கை ஆழம். உள்ளே கடல் தண்ணீர் ஊறி நின்றது.

நாய்தான் என்றார். பிறகு உடும்பு என்றார். வீட்டுக்காரரிடம் போய், வேலியைச் சரியாகக் கட்டித் தராததற்கு ஒரு மூச்சுச் சண்டையும் போட்டுவிட்டு வந்தார். அந்த மலாய்க்காரர் வந்து குழிகளைக் குனிந்து பார்த்தார். அன்று இரவே தன் கோழிக்கூட்டை வேறு பக்கம் மாற்றிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை சங்கைப் பஞ்சில் சுற்றி மரப்பெட்டியில் வைத்து ஆணி அடித்தார். புதன் காலை தபாலில் சேர்த்தால் கப்பலில் சிங்கப்பூர் போய்விடும். இன்னும் ஒரே இரவு. அன்று கடல் வற்றும் நேரம் 7.50. அவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கடிகாரம் எதிரே. கனகாம்பிகை சமையல் கட்டு வாசலில் நின்றாள்.

7.45. தவளைச் சத்தம் நின்றது.

7.50. சரக்...

வீட்டுக்கு வெளியே இல்லை. அடியில்.

சரக்... சரக்... மண்ணை வாரி எறியும் சத்தம். ஒரு தூண் தள்ளி மறுபடி. பிறகு அதுவும் நின்றது.

7.58. பலகையில் நகம் பட்டது.

கீழேயிருந்து.

ஒவ்வொரு பலகையாகத் தடவிக்கொண்டு வந்தது. வாசல் பக்கம்... மேசையடி... நாற்காலிக்கு முன்னால்...

பலகைச் சந்தில் விரல்கள்.

நான்கு விரல்கள். ஈரம். நகமெல்லாம் சேறு. அவை எதையும் பிடிக்கவில்லை. இருட்டில் தவறவிட்டதைத் தேடுகிற கைபோல அங்கும் இங்கும் துழாவின.

கனகாம்பிகை சொன்னாள்.

"குடுத்துவிடுங்கோ. பாவம், தேடுது."

"ஏழு வருஷம்..." என்றார் அவர்.

எழுந்தார். பெட்டியோடு மேசைமேல் ஏறினார்.

விரல்கள் மேசையடிக்கு வந்தன.

அவர் நகர்ந்தார்.

விரல்கள் நகர்ந்தன.

பெட்டிக்குள் லேசாக... சப்... சப்...

குழந்தை பால் குடிக்கும் சத்தம்.

8.25. கடல் ஏறத் தொடங்கியது. எல்லாம் நின்றது.

விடியும்வரை அவர் மேசையை விட்டு இறங்கவில்லை. காலையில் வீட்டுக்கு அடியில் மண் இருந்த இடமெல்லாம் குழி. அதையும் எண்ணி எழுதியிருக்கிறார்: முப்பத்திரண்டு. பிறகு குளித்து, கோட்டுப் போட்டு, அலுவலகத்துக்குப் போய், பெட்டியைப் பியூன் தங்கையாவிடம் கொடுத்துத் தபாலுக்கு அனுப்பினார். இப்படிப்பட்ட பிடிவாதத்தை என்னவென்று சொல்ல? எனக்கு அவர்மேல் இன்றைக்கும் கோபம்தான்.

அன்று இரவு கடல் வற்றும் நேரம் கடந்தது. சத்தமில்லை. மறுநாளும் இல்லை. தொல்லை விட்டது என்று நிம்மதியாக இருந்தார்.

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் தங்கையாவிடம், கிளேபாங்கில் நாய்த் தொல்லை, வீட்டடியெல்லாம் குழி என்று குறைபட்டுக்கொண்டார். தங்கையா லூபோக் சீனாப் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன். அவன் கையில் இருந்த ஃபைல்களைக் கீழே வைத்தான். குழி எவ்வளவு ஆழம் என்று கேட்டான். அவர் முழங்கையைக் காட்டினார். பிறகு அவன் சொன்னது இதுதான்.

போன வருஷம் அவர்கள் தோட்டத்து முனியாயியின் மூன்று மாதக் குழந்தைக்குக் காய்ச்சல். மலாக்கா ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில் கொண்டுபோனார்கள். தங்கையாவும் கூட இருந்தான். கிளேபாங் வரும்போது குழந்தை அடங்கிவிட்டது. மறுநாள் விடியற்காலை வேலைக்குப் பெயர் கூப்பிடுவதற்குள் எல்லாரும் தோட்டத்தில் நிற்க வேண்டும். அதனால் அங்கேயே கடலோர மணலில் புதைத்துவிட்டுத் திரும்பினார்கள். மூன்றாம் நாள் பால் தெளிக்க முனியாயி வந்தபோது, கடல் அந்த இடத்தை அடையாளம் தெரியாமல் வாரிக்கொண்டு போயிருந்தது. அவள் கையாலேயே தோண்ட ஆரம்பித்தாள். யார் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை. வற்றிய கடல் திரும்ப ஏறிய பிறகு அவளைக் காணவில்லை.

"அடையாளத்துக்கு என்ன வைச்சனீங்கள்?" என்று கேட்டார் விஜயரட்ணம்.

"அது பால் குடிச்ச சங்கைத்தாங்க ஐயா. ஊருலேருந்து கொண்டாந்தது. நெஞ்சுக்கு நேரா மேல வச்சோம். சங்கு இருக்கிற எடத்துக்குக் கீழ புள்ள இருக்கும்னுதானே அவ தேடுவா?"

இப்போதாவது துரைக்கு எழுதியிருக்கலாம். அது பால் சங்கு, திருப்பி அனுப்புங்கள் என்று இரண்டு வரி. எழுதவில்லை. எழுதினால் பெயர் போய்விடும். துரைக்குத் தெரியவா போகிறது என்று இருந்துவிட்டார்.

துரைக்குத் தெரிந்தது. மூன்று வாரம் கழித்து அவர் கடிதம் வந்தது. இது இக்கடலில் விளைந்ததல்ல. உங்கள் நாட்டுப் பெண்கள் குழந்தைக்குப் பால் புகட்டும் சாமான். வாயோரம் அரம் போட்டது சிறு பிள்ளைக்கும் தெரியும். உங்கள் பெயரைப் புத்தகத்தில் சேர்ப்பதற்கில்லை. அந்த இடத்துக்கு மேல் விஜயரட்ணம் படிக்கவில்லை. கடிதத்தைக் கசக்கி மேசை டிராயருக்குள் எறிந்து அடித்து மூடினார். பதினொரு நாள் அந்த டிராயரைத் திறக்கவில்லை.

பதினோராம் நாள் நூல் தேடித் திறந்த கனகாம்பிகைதான் அந்தத் தாளை நீவிப் பார்த்தாள். அவள் மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் படித்தவள்.

"இஞ்சருங்கோ, மற்றப் பக்கம் வாசிச்சனீங்களோ?"

அவர் வாங்கி வாசித்தார்.

"பின்குறிப்பு: சங்கு என் புத்தகத்துக்கு உதவாவிட்டாலும் என் மனைவிக்குப் பிடித்துவிட்டது. போன மாதம் பிறந்த எங்கள் மகனின் தொட்டிலுக்கு மேல் நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். ஒரு விஷயம் கேட்க வேண்டும். எங்கள் வீடும் கடலோரம்தான். ஒரு வாரமாக வீட்டுத் தோட்டத்தில் வரிசையாகக் குழிகள். ஒவ்வொன்றும் முழங்கை ஆழம். நேற்று படிக்கட்டுக்கு வந்துவிட்டன. உங்கள் பக்கத்தில் இப்படித் தோண்டும் பிராணி எது என்று தெரிந்தால் எழுதவும்."

அப்போது மாலை 4.10. தபாலாபீசுக்கு ஓடினார். சங்கை உடனே கடலில் போடவும் என்று தந்தி கொடுத்தார். மறுநாள் இன்னொரு தந்தி. பிறகு ஒரு கடிதம். எதற்கும் பதில் வரவில்லை. துரையின் புத்தகமும் வெளிவரவே இல்லை.