கடலில் இறங்காத சூரியன்

செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று இருபதுக்கு மாமா போன் செய்தார். சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்த அத்தை எழுந்திருக்கவில்லை என்றார். மாரடைப்பு. டாக்டர் வந்து பார்த்துவிட்டாராம்.

அத்தை என் அப்பாவின் தங்கை. முப்பத்தொரு வருஷம் கடற்கரைச் சாலையில் சுற்றுலாத் தகவல் கவுன்டரில் உட்கார்ந்தவள். முன்னால் ஒரு கண்ணாடி, அதன் கீழே கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. ஊர் பார்க்க வந்தவர்கள் அந்த ஓட்டை வழியாகத்தான் அவளிடம் சண்டை போடுவார்கள்.

சண்டைக்குக் காரணம், அலுவலகம் இலவசமாகக் கொடுக்கும் கையேடு. அட்டையில் சூரியன் கடலுக்குள் இறங்கும் படம். எங்கள் கடலோ கிழக்கே இருக்கிறது. ஆனாலும் கேமராவோடு வந்தவர்கள் ஐந்து மணியிலிருந்து கடலையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இருட்டியதும் நேரே கவுன்டர்.

"எங்கம்மா சூரியன்?"

"அது அப்பவே உங்க முதுகுக்குப் பின்னாடி, பஸ் ஸ்டாண்டு மேல இறங்கிடுச்சு சார். நீங்கதான் திரும்பிப் பார்க்கலை."

புகார் போகும். அதிகாரி கூப்பிடுவார். "படம் அழகா இருக்கே மேடம், விடுங்களேன்."

"அழகாத்தான் இருக்கு சார். நம்ம ஊர்ல எடுக்கலை, அவ்வளவுதான்."

இந்த மாசக் கடைசியில் அத்தைக்கு ஓய்வு. அதற்குள் பொய் இல்லாத ஒரு கையேட்டை அந்த ஓட்டை வழியாக நீட்டிவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள். நச்சரிப்புத் தாங்காமல் அதிகாரி இறங்கி வந்தார். "நீங்களே திருத்திக் குடுங்க. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அச்சுக்குப் போகணும். வரலைன்னா பழசுதான், இன்னும் மூணு வருஷத்துக்கு."

அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. கலங்கரை விளக்கத்துக்கு எத்தனை படி என்று எண்ண என்னைக் கூட்டிப்போனாள். கையேட்டில் இருநூறு. நாங்கள் எண்ணியது நூற்று எழுபத்து நாலு. மீதியை யார் தின்றது என்று காவலாளியிடம் கேட்டாள். அவர் இன்றுவரை மேலே ஏறியதே இல்லையாம்.

'சுவையான கடல் உணவு கிடைக்கும்' என்ற வரியைச் சரிபார்க்க ஒரே சாயங்காலத்தில் ஐந்து கடைகளில் பொரித்த மீன் சாப்பிட்டாள்.

"இது ஆபீஸ் வேலையா, விருந்தா?" என்றார் மாமா.

"உங்களை யாரு ரெண்டாவது தட்டு கேக்கச் சொன்னது?"

'ஆண்டு முழுவதும் இதமான தட்பவெப்பம்' என்பதை அடித்துவிட்டு இப்படி எழுதினாள்: 'மே மாதம் மதியத்தில் வெளியே வராதீர்கள். வந்துவிட்டால் எங்கள் கவுன்டருக்கு வாருங்கள், மின்விசிறி உண்டு. மழைக்காலத்தில் குடை எடுத்து வராதீர்கள், காற்று அதை வைத்துக்கொள்ளும்.'

கடைசியாக அட்டை. கடலிலிருந்து சூரியன் எழும் படம் வேண்டும். என் கேமராவை வாங்கிக்கொண்டு மாமாவோடு ஐந்து நாள் விடியற்காலையில் போனாள். மழைக்காலம் தொடங்கிவிட்டது. ஐந்து நாளும் மேகம்.

"கல்யாணமான புதுசுல பீச்சுக்குக் கூப்பிட்டா வர மாட்டா. இப்போ அஞ்சு மணிக்கு உலுக்கி எழுப்புறா," என்று மாமா என்னிடம் முறையிட்டார்.

புதன்கிழமை அத்தையின் தகனம் எல்லாம் முடிந்தது. அதிகாரி வந்திருந்தார். செருப்பைக் கழற்றியவர் அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். போகும்போது என்னிடம், "மேடம் எழுதினது இருந்தா குடும்மா. நேரம் இருக்கு," என்றார். பச்சை ஃபைலில் இருந்தது. பன்னிரண்டு பக்கமும் திருத்தி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டிருந்தாள். எழுத்தை மட்டும் அவரிடம் கொடுத்தேன். படம் இல்லாவிட்டால் பழைய அட்டைதான் என்றார்.

இன்று காலை ஐந்து மணிக்கு மாமா தானாகவே எழுந்து, கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். இருவரும் போனோம். ஏழு மணி வரை தூறல். எங்களுக்கு முன்னால் கடலும் வானமும் ஒரே சாம்பல்.

நாளை வெள்ளி. அட்டைப் படம் இன்னும் எடுக்கவில்லை.