காலனி மதிலில் ஒரு நீலக் கை

இன்று குரோம்பேட்டையில், எங்கள் காலனி மதிலில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளும் மற்றவர்களும் சேர்ந்து பெயின்ட்டில் கை முக்கி அச்சு வைத்தார்கள்.

என் மகளுக்கும் ஆட்டிசம்தான். ஒன்பது வயது. கையில் ஈரம் பட்டாலே அலறுவாள்.

"ஆன்ட்டி, ஒரே ஒரு தடவை வைக்கச் சொல்லுங்க. போட்டோ எடுத்துக்கறோம்" என்றாள், நிகழ்ச்சியை நடத்திய பெண்.

"அவளுக்குப் புடிக்காதும்மா."

இதையே ஐந்தாவது முறையாகச் சொன்னேன். போட்டோவில் அவள் இல்லை.

கூட்டம் கலைந்த பிறகு, காய்ந்த அச்சுகளின் மேல் தன் வெறுங்கையை அவளே ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தாள். ஓரத்திலிருந்த நீலக் கையை மட்டும் பத்து நிமிடம் விடவில்லை.

என் கையை அவள் பத்து நொடிகூடப் பிடித்ததில்லை.

அந்த நீலக் கை யாருடையது? கமென்டில் சொல்லுங்கள். திட்ட மாட்டேன், கொஞ்சம் பொறாமை, அவ்வளவுதான்.