நிற்காமல் போவதற்கு ஓர் அழைப்பு

பத்திரிகை வேலையை விட்டு ஊருக்கு வந்த பிறகு, மேலகரத்தில் பெண்களுக்கு ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒரு பயிற்சி மையத்தில் விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பெயர், முகவரி, ரத்த வகை. பல வருடங்கள் மற்றவர்கள் எழுதியதைத் திருத்திய கைக்கு அது நல்ல ஓய்வாக இருந்தது.

அங்கே படித்தவர்களில் நன்றாக ஓட்டியவள் ஒருத்தி. முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள். எட்டுப் போடச் சொன்னால் ஒரு கோட்டையும் தொடாமல் போட்டுவிட்டு, "இன்னொண்ணு போடவாக்கா?" என்று கேட்பாள். அப்படிப்பட்டவள் லைசென்ஸ் தேர்வில் இரண்டு முறை தோற்றாள். மைதானத்தில் இல்லை, ரோட்டில். தெரிந்தவர்களைப் பார்த்தால் வண்டியை நிறுத்திவிடுவாள்.

எங்கள் பக்கத்தில் சொந்தக்காரரைப் பார்த்தும் பேசாமல் போவது சின்னக் குற்றம் இல்லை. சாயங்காலத்துக்குள் நாலு வீட்டில் பேச்சாகிவிடும். முதல் தேர்வில், பின் சீட்டில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருக்க, காய்கறிப் பையோடு எதிரே வந்த அத்தைக்காக நிறுத்தினாள். அத்தை உள்ளே குனிந்து பார்த்து, "அண்ணாச்சிக்கு எந்த ஊரு?" என்று கேட்டாள். இன்ஸ்பெக்டர் சொன்னார். அத்தை அந்த ஊரில் தனக்குத் தெரிந்த மூன்று குடும்பங்களை விசாரித்தாள். இரண்டாவது தேர்வில் நிறுத்தவில்லை. நடந்து போய்க்கொண்டிருந்த பெரியம்மா பக்கத்திலேயே, அவள் நடைக்குச் சமமாக ஆட்டோவை உருட்டிக்கொண்டு பேசி முடித்தாள். படிவத்தில் இதற்குத் தனிக் கட்டம் இல்லாததால் இன்ஸ்பெக்டர் சிறிது நேரம் பேனாவோடு யோசித்ததாகக் கேள்வி.

மூன்றாவது தேர்வில் விஷயம் வேறு. இலத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில், பெண் பிள்ளைகளை ஏற்றிவர ஒரு பெண் டிரைவர் கேட்டிருந்தார்கள். பள்ளி திறக்க ஒரு வாரம் இருந்தது. அதற்குள் லைசென்ஸ் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். அவளுடைய மாமனார், ஓய்வுபெற்ற போலீஸ்காரர், அதற்காகத்தான் காத்திருந்தார். "இந்த வீட்டுல காக்கிச் சட்டை நான் ஒருத்தன் போட்டது போதும்" என்பது அவர் கட்சி. இந்த முறையும் தோற்றால் பயிற்சிக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

பயிற்சி கொடுத்தவள் ஆலங்குளத்துக்காரி, பள்ளி வேன் ஓட்டுகிறவள். பேச அஞ்சாதவள். "ஏட்டி, ஒன் சொந்தக்காரங்க எல்லாருட்டயும் முன்கூட்டியே சொல்லிரு. நாளைக்கு நிக்க மாட்டேன், தப்பா எடுத்துக்காதீங்கன்னு."

"சும்மா வாயால சொன்னா மரியாதையா இருக்குமாக்கா?"

அதனால் தட்டு எடுத்தோம். வெற்றிலை பாக்கு, குங்குமச் சிமிழ், கொஞ்சம் பூ. மூன்று பேரும் பதினான்கு வீடுகளுக்குப் போனோம். கல்யாணத்துக்கு அழைப்பதைப் போலவே இவள் ஒவ்வொரு வீட்டிலும் சொன்னாள்: "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு இந்த வழியா வருதேன். பாக்காம போயிருவேன். மனசுல வச்சுக்கிடாதீங்க."

எல்லா வீட்டிலும் காப்பி கொடுத்தார்கள். ஆறாவது வீட்டுக்குப் பிறகு நான் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டேன். ஒரு வீட்டில் மட்டும் முகம் கோணியது. "அவங்க வீட்டுக்குச் சொல்லிட்டுத்தான் இங்கன வாறியளோ?" என்று ஒரு மதினி கேட்டாள். பார்க்காமல் போவதற்கான அழைப்பிலும் முதல் அழைப்பு, கடைசி அழைப்பு உண்டு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஒரு பெரியப்பா, வரிசை ஏதும் வைக்க வேண்டுமா என்று கேட்டார்.

சொந்த வீட்டில் மட்டும் அழைக்கவில்லை. மாமனார் தட்டைப் பார்த்துவிட்டு, "நான் காலைலயே அருவிக்குக் குளிக்கப் போயிருவேன். இந்தக் கூத்தப் பாக்க என்னால ஆகாது" என்று சொல்லிவிட்டார்.

அழைத்தால் வராமல் இருக்கிறவர்கள் இல்லை எங்கள் ஊர்க்காரர்கள். இதை நாங்கள் யோசித்திருக்க வேண்டும்.

மறுநாள் சாரல் தூறிக்கொண்டிருந்தது. ஆட்டோ மைதானத்தை விட்டுக் கிளம்ப, பின்னால் ஸ்கூட்டரில் நாங்கள் இருவரும் போனோம். மேலகரத்துக்குள் நுழைந்ததும் பார்த்தால், பதினான்கு வீட்டுக்காரர்களும் ரோட்டோரம் குடையோடு வரிசையாக நின்றிருந்தார்கள். எல்லோரும் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

பெரியப்பாவின் ஏற்பாடு அது. அவள் நம்மைப் பார்க்காமல் போனால்தானே வருத்தம். நாமே அவளைப் பார்க்காமல் நின்றுவிட்டால் கணக்குச் சரியாகிவிடும் என்று அவர் எல்லோரையும் திருப்பி நிறுத்தியிருந்தார். சிலர் மதில் சுவரை உற்றுப் பார்த்தார்கள். மூடியிருந்த செருப்புக்கடையின் ஷட்டரை ஒருவர் படித்துக்கொண்டிருந்தார்.

பின் சீட்டில் இன்ஸ்பெக்டர் இரண்டு பக்கமும் பார்த்தார். "என்னம்மா, ஏதும் போராட்டமா?" என்று கேட்டாராம்; அவள்தான் பிறகு சொன்னாள்.

"இல்ல சார். சொந்தக்காரங்க."

அவள் நேராகப் பார்த்து, மூன்றாவது கியரில், ஒரு முதுகுக்கும் நிற்காமல் தாண்டினாள். என் முன்னால் ஆலங்குளத்துக்காரி ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே ஒரு கும்பிடு போட்டாள். வண்டி ஆடியது.

வரிசை முடிந்து சிறிது தூரத்தில் பஸ் நிறுத்தம். அங்கே தோளில் துண்டும் கையில் சோப்பு டப்பாவுமாக ஒருவர் நின்றிருந்தார். சீசன் நேரம், குற்றாலம் பஸ்கள் எல்லாம் நிறைந்து, நிற்காமலே போய்க்கொண்டிருந்தன. தூறலில் மஞ்சள் நிறம் தெரிந்ததும் அவர் கையை நீட்டினார்.

மாமனார்.

அவருக்கு யார் ஓட்டுகிறார்கள் என்று தெரியவில்லை. இவளுக்குத் தெரிந்துவிட்டது. "நிக்காத, நிக்காத, போயிரு" என்று ஆலங்குளத்துக்காரி முணுமுணுத்தாள். ஆட்டோவின் இண்டிகேட்டர் எரிந்தது. கண்ணாடியைப் பார்த்து, இடது ஓரம் ஒதுங்கி, வண்டி நின்றது. நாங்கள் பின்னாலேயே நிறுத்தினோம். மூன்றாவது தடவையும் போச்சு என்று நினைத்தேன்.

"மெயின் அருவி போவுமா?" என்று கேட்டுக்கொண்டே குனிந்தவர் மருமகளைப் பார்த்தார். சோப்பு டப்பாவைத் துண்டுக்குள் மறைத்தார். எதற்கு மறைத்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அந்த வீட்டில் அவர் சொல்லி அவள் மறுத்தது கிடையாது. காப்பி என்றால் காப்பி, வெந்நீர் என்றால் வெந்நீர். இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள்:

"போவாது மாமா. டெஸ்ட்டு நடக்குது."

மறுபடி இண்டிகேட்டர். மறுபடி கண்ணாடி. ஆட்டோ போய்விட்டது.

மைதானத்துக்குத் திரும்பியதும் இன்ஸ்பெக்டர் கேட்டார். "எதுக்கு நிறுத்தினீங்க?"

"கை காட்டுனாங்க சார்."

"பிறகு ஏன் ஏத்தல?"

"டெஸ்ட்டுல ஏத்தக் கூடாதுல்லா."

அவர் படிவத்தைப் பார்த்தார். இந்த முறை பேனா யோசிக்கவில்லை. பாஸ்.

சாயங்காலம் மையத்துக்கு மாமனார் வந்தார். தலை ஈரமாக இல்லை. வேலைக்கு அனுப்ப மாட்டேன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நான் நாற்காலியை எடுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை; நேராக ஆலங்குளத்துக்காரியிடம் போனார்.

"என்னத்தத் தாயி சொல்லிக் குடுக்கீங்க? கை காட்டுன ஆள மழைல நிக்க வச்சிட்டுப் போறா. ஆட்டோ ஓட்டுதவ சவாரிய விடலாமா?"

"தப்புதான் அண்ணாச்சி" என்றாள் அவள். "திங்கக்கிழமையிலயிருந்து விட மாட்டா."

"இலத்தூருக்கு எத்தன மணிக்குக் கிளம்பணும்?"

"ஏழரை."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் தன் கைக்கடிகாரத்தைச் சரி செய்துகொண்டு போனார்.